ஒன்பதாம் படியில் தேடும் சாவி

தென்காசியில் முதல் நாள் காலையிலேயே எனக்கு ஒரு தோல்வி. நான் மலேசியாவில், ஈப்போ குடிநீர் இலாகாவில் முப்பத்தொரு வருடம் மழை அளந்தவன். தினமும் காலை எட்டு மணிக்கு மழைமானியைத் திறந்து, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து எழுதுவதே வேலை. அந்தப் பழக்கத்தில், கொழுந்தியாள் செண்பகத்தின் வீட்டு மொட்டை மாடியில் ஓர் எவர்சில்வர் டம்ளரை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாரல் நின்றபாடில்லை. டம்ளரின் வெளிப்பக்கம் முழுதும் நனைந்திருந்தது. உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை.

இந்த மழை விழுவதில்லை, கடந்து போகிறது. மேற்கே மலையின் கணவாய் வழியாக நுழைந்து, சலித்த மாவு போலக் காற்றில் மிதந்து, கோயில் கோபுரத்தை ஒரு பக்கம் மட்டும் நனைத்துவிட்டு வயல்களின் மேல் போய்விடுகிறது. அதே நேரத்தில் வெயிலும் அடிக்கிறது. எங்கள் ஈப்போ மழை அப்படியல்ல. மாலை நாலு மணிக்கு வரும், கொட்டும், கணக்கைக் கொடுத்துவிட்டுப் போகும். இங்கே கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஊரே பாதிக் கனவில் இருப்பதுபோல் தெரிந்தது.

நாங்கள் குற்றால அருவி சீசனுக்காக வரவில்லை. என் மனைவி கோமதியின் இருதய டாக்டர் அனுப்பி வந்தோம். எல்லோருக்கும் பெருநாடி வால்வில் மூன்று இதழ்கள் இருக்குமாம். கோமதிக்குப் பிறந்ததிலிருந்தே இரண்டுதான். அறுபத்தாறு வருடம் அந்த இரண்டை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாள். "இது குடும்பத்தில் தொடரலாம். கூடப் பிறந்தவர்கள் ஒரு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது" என்றார் டாக்டர். கோமதிக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்திதான். அறுபத்தொரு வயது. பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை. போனில் எட்டு முறை சொல்லியாயிற்று. எட்டு முறையும், "சரிக்கா, இந்த முருங்கைக்கா லோடு முடியட்டும்" என்றாள். முருங்கைக்காய் லோடு எந்தக் காலத்தில் முடிந்திருக்கிறது?

கோமதியுடையதைப் போலவே என் வால்வும் ஆபரேஷனில் மாற்றியதுதான். எனக்கு மூன்று இதழ்களும் இருந்தன. வயதில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டன. எனக்கு வைத்தது இருபத்தைந்து மில்லிமீட்டர் வால்வு. ஏழு மாதம் கழித்துக் கோமதிக்கு வைத்தது இருபத்தொன்று. எனக்கு முன்பே அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருக்கிறது என்பது அவளை ஆபரேஷனுக்குக் கொண்டுபோன பிறகுதான் தெரிந்தது. நான் மாடி ஏறும்போது எத்தனையாவது படியில் நிற்கிறேன் என்று ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்த மாதங்களில், எனக்குப் பின்னால் என் பையைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தவள் அவள். அவள் எந்தப் படியில் நின்றாள் என்று நான் எழுதவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு நோட்டில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் 'கோ', மறுபக்கம் 'நான்'. ஒரு வருடத்தில் கோமதியின் எக்கோவைப் பார்த்து டாக்டர் முகம் மலர்ந்தார். இத்தனை காலம் குறுகிய வழியில் ரத்தத்தைத் தள்ளித் தள்ளித் தடித்துப்போயிருந்த இருதயச் சதை, பெரும்பாலும் பழைய அளவுக்கு வந்துவிட்டதாம். என்னுடையது அவ்வளவு இறங்கவில்லை. டாக்டரும் ஒரு பெண்தான். நிதானமாக விளக்கினார். பொதுவாகப் பெண்களின் இருதயம் சீக்கிரம் பழைய நிலைக்கு இறங்குகிறது. ஆண்களுக்குச் சதைக்கு நடுவே தழும்பு அதிகம் விழுகிறது. வால்வைப் புதிதாக வைத்தாலும் அந்தத் தழும்பு லேசில் போவதில்லை. ஆனால் பெண்கள் தாமதமாகத்தான் டாக்டரிடம் வந்து சேருகிறார்கள். "ஆளுக்கு ஆள் மாறும். இதைப் போட்டியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

செண்பகத்தின் வீடு மாடியில். பதினெட்டுப் படிகள். வந்து இறங்கிய அன்று எங்களுக்கு முன்னால் அவள் ஏறினாள். ஒன்பதாம் படியில் நின்று தோள்பையைத் திறந்து சாவியைத் தேடினாள். ஒவ்வோர் அறையாகக் கைவிட்டுத் துழாவினாள். நான் மணி பார்த்தேன்; நாற்பது விநாடி. பிறகு மேலே போனால், கதவு ஏற்கெனவே திறந்து கிடக்கிறது. வேலைக்காரப் பெண் உள்ளே வாசலுக்கு நேராகத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள்.

நான் கோமதியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஈப்போவில் ஒரு காலத்தில் மாடிப்படி நடுவில் கோமதிக்குச் செருப்பு வார் அவிழும். வார் இல்லாத செருப்புக்கும் அவிழும்.

ஏழாம் படிக்கு நேராக ஒரு சிறிய ஜன்னல் இருந்தது. அதில் மலை தெரியும். ஏறும்போதெல்லாம் நான் அங்கே நின்று மேகம் பார்த்தேன். அவ்வளவு அழகான ஜன்னல். மேகம் பார்க்க நிற்பது கணக்கில் சேராது என்பதால், நோட்டில் 'நான்' பக்கத்தில் 'பதினெட்டு, நிற்காமல்' என்றே எழுதினேன்.

முதல் நாள் மதியம் சொதி. தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு, இஞ்சித் துவையலோடு. உப்பைக் குறைத்துச் செய்யும்படி கோமதி சொல்லியிருந்தாள். செண்பகம் எங்களுக்குத் தனியாகச் செய்துவிட்டு, தன் இலையில் இரண்டு அப்பளம் கூடுதலாக வைத்துக்கொண்டாள். கோமதி, நாற்பத்தொரு வருடம் ஈப்போவில் இருந்தவள், ஒரு மணி நேரத்தில் பேச்சு மாறிப்போயிருந்தாள்.

"ஏட்டி, அந்தப் படியில என்னத்தத் தேடுன?"

"சாவியத்தான்."

"கதவு தொறந்துலா கெடந்துச்சு."

"மறந்துட்டேன். உனக்கு மறதியே கெடையாதாக்கும்?" என்று செண்பகம் ஒரு டம்ளர் சுக்குத் தண்ணீரைக் குடித்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா. வாய்வு. ஏப்பம் விட்டாச் சரியாப் போயிரும்."

ஆபரேஷனுக்கு முன்னால் கோமதியும் எட்டு மாதம் வாய்வு என்றுதான் சொன்னாள். நானும் ஓமம் வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போனோம். ஆட்டோ பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, ஏதோ ஒரு குழாயை வாயால் ஊதிப் பார்த்துவிட்டு, "அடைப்பு, அண்ணாச்சி. பெட்ரோலு போவமாட்டேங்கு" என்றார். அடைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் கோமதி சிரிக்கத் தொடங்கினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வழியாகச் சின்ன வெங்காயம் ஏற்றிப் போன டெம்போவில் முன்பக்கம் எங்கள் இருவரையும் திணித்துக்கொண்டார்கள். கதவை வெளியிலிருந்து கயிற்றால் கட்டினார்கள். ஈப்போவில் இதற்கு அபராதம் போடுவார்கள். ஆனால் அந்த உயரத்திலிருந்து பார்த்தால், இரண்டு பக்கமும் நெல் வயல்கள் சாரலுக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. காற்றாலைகள் மெதுவாகச் சுற்றின. பதினாறு வரை எண்ணினேன். பதினேழாவதை மேகம் மூடிவிட்டது.

சந்தை உரத்த இடம். செண்பகத்தின் கடையில் முருங்கைக்காய்க் கட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏலம் கூறினாள். குரல் கணீரென்று இருந்தது. ஆனால் ஒவ்வொரு விலைக்கும் நடுவில் ஒரு மூச்சு. மூட்டை தூக்கும் முருகையா என்னிடம், "முன்ன அம்மா மூட்ட மூட்டையா நடந்துதான் ஏலம் விடுவாவ. நாங்க பின்னால ஓடணும். இந்த வருசம் நாற்காலி போட்டாச்சு" என்றான்.

"முட்டுவலியா?"

"கேட்டா வாய்வுங்காவ. வாய்வுக்கு எதுக்குல நாற்காலின்னு நாங்களும் பேசிக்கிடுவோம். கேக்க முடியுமா, அண்ணாச்சி? வஞ்சிருவாவ."

மூட்டை தூக்குகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு என் வீட்டில் தெரியவில்லை. இதை நினைத்துக்கொண்டு நின்ற இடத்தில் ஒரு வெண்டைக்காய்க் கூடை என் காலில் இடித்தது.

மத்தியானம் கடையிலேயே கோமதி எக்கோ பேச்சை எடுத்தாள். ஈப்போ டாக்டரின் கடிதத்தைப் பிரித்துக் காட்டினாள். செண்பகம் அதைத் தொடவில்லை.

"நெஞ்சப் பொளந்துட்டு நாலு மாசம் படுத்துக் கெடந்தா, இந்தக் கடைய யாரு பாப்பா? மவன் துபாய்ல இருக்கான். நீ பொளச்சி வந்துட்ட, சந்தோசம். ஆனா பொளச்சவ என்ன செய்யுத? அத்தான் நோட்டு வச்சிக்கிட்டு உன் பின்னாலயே வாறாவ. இது பொளப்பாக்கா?"

"பாத்தாப் போதும்ட்டி. பாக்கதுக்குப் பொளக்க வேண்டாம்."

செண்பகம் ஒரு முருங்கைக்காய்க் கட்டை இறுக்கிக் கட்டினாள். பிறகு, "சரி. குத்தாலம் மெயின் அருவியில வந்து என்கூடக் குளி. குளிச்சிட்டு நீ நல்லா நின்னியன்னா நான் அந்தப் படத்த எடுக்கேன். இல்லன்னா இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது" என்றாள்.

"குளிச்சாப் போச்சு" என்றாள் கோமதி.

யாரும் என்னைக் கேட்கவில்லை. அன்று மாலை ஈப்போவுக்குப் போன் செய்தேன். டாக்டர், "ஆபரேஷன் ஆகி ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஓரத்தில் நிற்கலாம். தலையில் நேராக வாங்க வேண்டாம்" என்றார். வேண்டாம் என்று சொல்லுவார் என்று நம்பியிருந்தேன்.

மூன்றாம் நாள் குற்றாலத்தில் குளிக்கத் தடை. மேலே காட்டில் நல்ல மழையாம். அருவி, முன்னால் கட்டியிருந்த பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. அது வெள்ளையாக இல்லை, பாலில் டீ விட்ட நிறம். கயிறு கட்டி எல்லோரையும் நிறுத்தியிருந்தார்கள். ஆனால் யாரும் திரும்பிப் போகவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அருவி மனம் மாறும் என்பதுபோல் நூற்றுக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். தூறல் எங்கே முடிகிறது, அருவிப் புகை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. கடைத்தெருவில் ரம்புத்தானும் மங்குஸ்தானும் குவித்து வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக் கொல்லையில் உதிர்ந்து கிடப்பவை. இங்கே ஆசையாகப் பன்னிரண்டு ரம்புத்தான் வாங்கித் தின்றோம். செண்பகம், "மருந்துப் பழம் அத்தான், நெஞ்சுக்கு நல்லது" என்றாள். ஈப்போவில் இதே பழத்தை, சூடு, இருமல் வரும் என்று பிள்ளைகளிடமிருந்து பிடுங்கி வைப்போம்.

நான்காம் நாள் காலை தடை நீங்கிவிட்டது.

மெயின் அருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். இதை நான் மறந்தே போயிருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்பதாகவும், நாடியில் விரல் வைத்து எண்ணுவதாகவும் ராத்திரி முழுக்கத் திட்டம் போட்டிருந்தேன். கம்பி வேலிக்கு முன்னால் கோமதி தன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்தாள். செண்பகமும் தந்தாள். இரண்டு கண்ணாடி, இரண்டு ஜோடிச் செருப்பு, ஒரு பை. அக்காளும் தங்கையும் படியேறிப் பெண்கள் கூட்டத்துக்குள் போனார்கள். நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே மறைந்தார்கள்.

பத்து நிமிடம் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. அந்தச் சத்தத்தில் எண்ணுவது கஷ்டம். ஒவ்வோர் எண்ணையும் அருவி அடித்துக்கொண்டு போனது. பதினேழாவது நிமிடத்தில் பெண்கள் பக்க வாசலில் நின்ற பெண் போலீஸிடம் போனேன்.

"அம்மா, உள்ளே என் மனைவி இருக்கிறாள். இருதய ஆபரேஷன் ஆனவள். கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா?"

"உள்ள இருநூறு பேருக்கு மேல நிக்காவ, ஐயா. என்ன சேலன்னு சொல்லுங்க, பாக்கேன்."

நீலமா, பச்சையா? அவளோடு ஒரே ஆட்டோவில் வந்தேன். சீசன் நெரிசலில் முக்கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் வால்வின் அளவு தெரியும். காலை நாடித்துடிப்பு எழுபத்திரண்டு என்று தெரியும். சேலையின் நிறம் தெரியவில்லை.

"வயசான அம்மா. சிரித்த முகம்" என்றேன்.

"அருவிக்குக் கீழ எல்லாருக்கும் சிரிச்ச முகந்தான்" என்று அந்தப் பெண் விசிலை ஊதிக்கொண்டு நகர்ந்தாள்.

இருபத்து மூன்றாவது நிமிடம் செண்பகம் முதலில் வந்தாள். முந்தானையும் கரையும்தான் ஈரம், தலை நனையவில்லை. முகம் வெளுத்து உதடு நிறம் மாறியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால், தலை முதல் கால்வரை சொட்டச் சொட்ட, குளிரில் பல் கிடுகிடுக்கக் கோமதி வந்தாள். அரக்கு நிறச் சேலை. பார்த்துக்கொண்டேன்.

"ஓரத்துலதான் நின்னேன். திட்டாதீங்க" என்றாள் என்னிடம்.

நான் திட்டவில்லை. செண்பகம் மூச்சைச் சேர்த்துச் சேர்த்துப் பேசினாள். "பாதிப் படியிலயே உக்காந்துட்டேன் அத்தான். எக்காவக் கையப் பிடிச்சி ஏத்திவிடணும்னு நெனச்சிக் கூட்டிட்டு வந்தேன். அவ என்னைய ஏத்திவிடப் பாக்கா. ஒரு பொம்பள எக்கா கழுத்துக்குக் கீழ தழும்பப் பாத்துட்டு, 'என்ன ஆச்சி, நெஞ்சத் தொறந்தா பாத்தாவ'ன்னு கேக்கா. இவ என்ன சொல்லுதா தெரியுமா? 'ஆமா, ஒரு வால்வு பழுது, மாத்தியாச்சு'ங்கா. கொழாய்க்கு வாசர் மாத்துன மாதிரி. சொல்லிட்டு நேராப் போயி நிக்கா. நான் அங்கன உக்காந்து பாக்கேன். எனக்கு எந்திரிக்க முடியல."

அவள் அழவில்லை. கண்ணாடியை வாங்கித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "வாய்வு இல்ல போலுக்கு" என்றாள்.

ஐந்தாம் நாள் காலை தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டர். என்னையும் கோமதியையும் சேர்க்காமல் வெளியே பெஞ்சில் பதினொரு பேர் இருந்தார்கள். ஏழு பேர் ஆண்கள்; எல்லோரும் தங்களுக்காக வந்தவர்கள். நாலு பெண்களில் மூன்று பேர் கணவனுக்குத் துணையாக வந்தவர்கள். தனக்கென்று டோக்கன் வைத்திருந்தவள் செண்பகம் ஒருத்திதான். அதையும் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள்.

உள்ளே எங்கள் மூவரையும் விட்டார்கள். இருட்டறையில் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. சாம்பல் நிற மேகம் ஒன்று திறந்து மூடியது. நான் இதழ்களை எண்ண முயன்றேன். எனக்குத் தெரியவில்லை. டாக்டர் எண்ணினார்.

"ரெண்டுதான்மா. ரொம்பச் சுருங்கியிருக்கு. ஆபரேஷன் தேவைப்படும். தள்ளிப்போட வேண்டாம்."

அந்த இயந்திரம், யாரோ தூரத்தில் துணி துவைப்பதுபோலச் சத்தம் போட்டது. செண்பகம் படுத்தபடியே கேட்டாள்: "டாக்டர், எங்க அக்காவுக்கு ஆறுன மாதிரி எனக்கும் சீக்கிரம் ஆறுமா? பொம்பளைக்குச் சீக்கிரம் எறங்கிரும்னு சொல்லுதாவளே."

"பொதுவா அப்படித்தான் பாக்கோம். ஆனா நேரத்துக்கு வந்தாத்தான் அந்தக் கணக்கு. ரொம்பத் தாமதமா வந்தா உங்களுக்கும் தழும்பு விழும். நீங்க இப்ப வந்துட்டீங்க."

"நான் எங்க வந்தேன்? அருவியில இருந்து பிடிச்சிட்டு வந்திருக்காவ" என்றாள் செண்பகம். டாக்டருக்கு அது விளங்கவில்லை.

வெளியே வந்து முருகையாவுக்குப் போன் போட்டாள். "ஏலே, அடுத்த மாசம் நான் கடைக்கு வர மாட்டேன். நாற்காலிய நீ போட்டு உக்காராத, என்ன?" அந்தப் பக்கம் அவன் ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். கோமதி எங்கள் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொன்னாள். எத்தனை நாள் என்று கேட்டேன். "தெரியாது" என்றாள். நாள் தெரியாமல் ஒரு டிக்கெட்டை மாற்றுவது என் வாழ்க்கையில் இதுதான் முதல் முறை.

வீடு வந்து சேர்ந்தபோது வெயிலும் சாரலும் சேர்ந்தே இருந்தன. கோமதி பையை எடுத்துக்கொண்டு பதினெட்டுப் படிகளையும் ஏறிப் போய்விட்டாள். மேலே அவள் பாத்திரத்தை எடுக்கும் சத்தம் கேட்டது. நான் ஏழாம் படி ஜன்னலில் மேகம் பார்த்துவிட்டு, மெதுவாக ஒன்பதாம் படிக்கு வந்தேன். செண்பகம் அங்கே நின்றிருந்தாள். கை பைக்குள் போயிற்று. பிறகு அதை வெளியே எடுத்துவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"மூச்சு வாங்குது அத்தான்" என்றாள்.

அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கும்தான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "அப்பம் அந்தச் சன்னல்ல மேகம் பாத்தது?"

"நீ சாவி தேடினாயே, அதேதான்."

அவள் சிரித்த சத்தத்தில் கோமதி மேலிருந்து எட்டிப் பார்த்தாள். நாங்கள் இருவரும் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் அவள் பதறவில்லை. நிதானமாக இறங்கி வந்தாள். அவள் கையில் தண்ணீர்ச் சொம்பும் என் நோட்டும் இருந்தன.

"எத்தன நாளா?" என்று என்னைக் கேட்டாள்.

"ஆபரேஷன் ஆனதிலிருந்தே. பாதிதான் சரியாயிற்று."

"இதுல எல்லாம் நிற்காமன்னு எழுதியிருக்கு."

அவள் சேலையைப் பார்த்தேன். மாந்தளிர் நிறம், கரையில் சின்னக் கட்டம். கோமதி பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். நான் வாங்கி, 'நான்' என்ற பக்கத்தில், அன்றைய தேதிக்கு நேராக, 'ஏழு' என்று எழுதினேன். பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு மூன்றாவதாக ஓர் இடம் பிரித்து, 'செ' என்று போட்டு, 'ஒன்பது' என்று எழுதினேன்.

"உங்களவிட ரெண்டு படி கூட" என்றாள் செண்பகம்.